நான் மூழ்கவில்லை

ஆகஸ்ட் 8, வெள்ளி. போயா, பௌர்ணமி விடுமுறை.

விடியவே புழுக்கம். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு முதல் பஸ். மடியில் பை. பைக்குள்: நீச்சலுடை, துவாய் இரண்டு, தொப்பி, தலையிடித் தைலம், அம்மா பொட்டலம் கட்டித் தந்த கட்லட், இந்தக் கொப்பி.

பேசிப் பேசியே தள்ளிப்போன பயணம். நான், சுகன்யா, ரிஸ்வானா. பள்ளிக்கூடத்தில் மூவரும் ஒரே வாங்கு. இப்போது மூவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. ரிஸ்வானாவின் கார், ரிஸ்வானாதான் ஓட்டுவது. இன்று பொலன்னறுவை இடிபாடுகள், நாளைக்கு மாத்தளைப் பக்கம் ஆற்றுக் குளிப்பு, ஞாயிறு வீடு. வேறு ஒருவரும் வருவதில்லை. அதுதான் பேச்சு.

சுகன்யாவின் ஒழுங்கையில் போய் நின்றால் அவள் கணவர் பிரதீபன். அரைக்காற்சட்டை, கறுப்புக் கண்ணாடி, தன் வான் வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. மூன்று பொம்பிளைகள் தனிய அவ்வளவு தூரம் போவது சரியில்லையாம். தானும் வருகிறாராம். தன் வானில்தான் போகவேண்டுமாம்.

ரிஸ்வானா தெஹிவளையிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்த காரை ஒழுங்கை ஓரத்தில் விட்டுப் பூட்டினாள். மாரி மழைக்குள் மட்டக்களப்புக்குத் தனிய ஓட்டிப் போய் வந்தவள் அவள். சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு பின் சீற்றில் ஏறினாள்.

சுகன்யா என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

இனிமேல் இந்தக் கொப்பியில் அவர் பி. முழுப்பெயர் எழுத விரல் வரவில்லை.

பின்னேரம். பொலன்னறுவை.

வெயில் அல்ல, அடுப்பு. போயா என்பதால் எங்கு பார்த்தாலும் வெள்ளை உடுப்பு, பூத்தட்டு, பிள்ளைகள். வழியில் நாங்கள் கேட்ட இடத்தில் வான் நிற்கவில்லை. பி.க்குப் பசித்த இடத்தில் நின்றது. பாட்டும் பி.யின் பாட்டு.

இடிபாடுகளுக்குள் பி. வழிகாட்டி ஆனார். பலகையில் ஆங்கிலத்தில் இருப்பதை முதலில் தன் மனதுக்குள் வாசிப்பார், பிறகு தனக்கு முன்பே தெரிந்ததுபோல எங்களுக்குச் சொல்வார். ரிஸ்வானா ஒரு பலகையை அவருக்கு முன்பாக ஓடிப்போய் வாசித்துவிட்டு வந்து அப்பாவியாக அவரிடம் கேள்வி கேட்டாள். இன்று சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கல்லால் கட்டிய சிவன் கோயில். கூரையும் கல். உள்ளே லிங்கத்தின் மேல் யாரோ தண்ணீர் ஊற்றி, செவ்வரத்தம்பூ ஒன்று வைத்திருந்தார்கள். சுகன்யா செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் கண்ணை மூடி நின்றாள். பி. வெளியில் நின்று மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார். அவள் பாதியில் திரும்பிவிட்டாள்.

அரசர் குளித்த தடாகமும் பார்த்தேன். படி படியாக இறங்கும் கருங்கல். தண்ணீர் வந்து விழுந்த வாய்கள் காய்ந்து கிடக்கின்றன. அதன் விளிம்பில் கொஞ்ச நேரம் இருக்க ஆசையாக இருந்தது. எத்தனையோ பேரின் ஈரக்கால் பட்டு வழுவழுத்த கல். உட்கார முன்பே வானின் ஹோர்ன்.

தங்குமிடத்தில் இரண்டு அறை. சுகன்யா எங்களோடுதான் படுப்பேன் என்றாள். அதையாவது சொன்னாளே.

ஆகஸ்ட் 9, சனி. மாத்தளை.

தோள்மூட்டு இரண்டும் நோ. எழுத்து கோணலாக வரும், வரட்டும். நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

காலையில் மலைப்பாதை. குளிர்காற்று. றோட்டில் வானை விட்டுவிட்டுக் காட்டுக்குள் இறங்கினால் ஆறு. பாறைகளுக்கு நடுவில் ஒரு மடு, மேலிருந்து சின்ன அருவி விழுகிறது. பச்சைத் தண்ணீர், கண்ணாடி மாதிரி. கரையில் ஒரு எச்சரிக்கைப் பலகை. சிங்களம் சரி, ஆங்கிலம் சரி. தமிழில் ‘இங்கு குளிப்பது ஆபது’. ஆபத்து என்றால் கூட ஒரு எழுத்துச் செலவாகும்போல.

எங்களுக்கு முன்பே ஒரு கூட்டம். பியகமப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் பயணம், பஸ் நிறைய ஆட்கள். பெரிய ஸ்பீக்கர், பைலாப் பாட்டு. பெண்கள் கீழே ஆழமில்லாத இடத்தில் உடுப்போடு காலை நனைத்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் பாறையிலிருந்து மடுவுக்குள் குதிப்பதும், குதிப்பதை வீடியோ எடுப்பதும்.

நான் முழுக்கை நீச்சலுடை போட்டிருந்தேன். பி. என்னை இறங்கவேண்டாம் என்றார். தண்ணீருக்காக அல்ல. ஆட்கள் பார்க்கிறார்களாம். நான் கிழமையில் இரண்டு நாள் ஒபிஸ் முடிய நீச்சல் தடாகத்துக்குப் போகிறவள். பள்ளிக்கூடக் காலத்தில் நீச்சலில் மெடல் எடுத்தவள், உயிர்காப்புப் பயிற்சியும் முடித்தவள். இதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆட்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்று இறங்கினேன். மேலே இளிப்பு, விசில். கேட்காத மாதிரி நீந்தினேன். தண்ணீர் எலும்புவரை குளிர். அருவிக்குக் கீழே போனதும் காலை யாரோ பிடித்து இழுப்பதுபோல ஒரு ஓட்டம். அதை விட்டு விலகி வந்து ஒரு பாறையில் இருந்தேன்.

அப்போதுதான் ஒரு இளைஞன் அருவிக்குப் பக்கத்தில் குதித்தான். ஒருமுறை தலை வெளியே வந்தது. திரும்ப வரவில்லை. அவனுடைய ஆட்கள் சிரித்தார்கள். விளையாடுகிறான் என்று நினைத்திருப்பார்கள். கீழே ஒரு பெண் எழுந்து நின்று ‘நுவன், நுவன்’ என்று கூப்பிட்டாள். பாட்டு நிற்கவில்லை. தண்ணீருக்கு மேல் ஒரு கை மட்டும் தெரிந்தது.

போனேன். முதல் முழுக்கில் ஒன்றும் அகப்படவில்லை. இரண்டாவதில் சேட் கொலர். மேலே கொண்டுவந்ததும் அவன் என் கழுத்தைக் கட்டிப்பிடித்தான். இருவரும் கீழே போனோம். அந்த நேரம் அம்மாவை நினைத்தேன், வேறொன்றையும் அல்ல. உதறிவிட்டு அவனுக்குப் பின்னால் போய் நாடிக்குக் கீழே கையைக் கொடுத்து, மல்லாக்கப் படுத்தபடி இழுத்துக்கொண்டு வந்தேன். கரைக்கு வந்தாலும் பாறை வழுக்கல், அவனைத் தூக்க என்னிடம் பலம் இல்லை. அப்போது பி. ஒரு கையால் ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். மற்றவர்களும் சேர்ந்து இழுத்தார்கள். அவன் மேலே போனதும் பி. எனக்கும் கையை நீட்டினார்.

அந்தக் கையை நான் பிடித்திருக்கக்கூடாது.

ரிஸ்வானா பல் டொக்டர். ஓடிவந்து அவனைச் சரித்துப் போட்டு, வாயைத் திறந்து துப்பரவாக்கினாள். தண்ணீர் கக்கினான், இருமினான், அழுதான். உயிர் இருந்தது. அந்தப் பெண் அவன் மனைவியாம், சந்துனி என்று பெயர். கல்யாணமாகிச் சில மாதம்தானாம். என் இரண்டு கையையும் பிடித்துத் தன் நெற்றியில் வைத்தாள். ரிஸ்வானாவின் நம்பரை வாங்கிக்கொண்டாள். ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நான் ஒரு கல்லில் இருந்து நடுங்கினேன். ரிஸ்வானா துவாயால் என் தலையைத் துடைத்துக்கொண்டே, “வாயென்டா நமக்குப் பழக்கம்தானே,” என்றாள். இருவரும் சிரித்தோம், பிறகு அழுதோம்.

வானில் பி. சொன்னது: நான் செய்தது பெரிய முட்டாள்தனம், ஏதும் நடந்திருந்தால் என் அம்மாவுக்குத் தானல்லவா பதில் சொல்லவேண்டும்.

பையைத் தலைக்கு வைத்துக் கண்ணை மூடினேன். களைப்பு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு. வழியில், பிறகு வீடு.

வரக்காப்பொலையில் தேத்தண்ணிக்கு நின்றோம். கடைக்காரர் பி.யை உற்றுப் பார்த்தார், பிறகு தன் போனைப் பார்த்தார், பிறகு கல்லாவை விட்டு எழுந்து வந்து கைகொடுத்தார்.

வீடியோ. அந்தக் கூட்டத்தில் ஒருவன் எடுத்தது. நான் முழுகியது இல்லை. நீந்தியது இல்லை. பி. நுவனை இழுப்பதில் தொடங்குகிறது. பிறகு பி. என்னை இழுக்கிறார். நான் முகத்தில் முடி ஒட்டிக்கொண்டு, மீன் மாதிரி வாயைப் பிளந்துகொண்டு, நாலு காலில் பாறையில் ஏறுகிறேன். மேலே சிங்களத்தில் தலைப்பு: தன் உயிரைப் பணயம் வைத்து இருவரைக் காப்பாற்றிய தமிழ்ச் சகோதரர்.

இருவரை.

இரண்டாவது ஆள் நான்.

கீழே ஆயிரம் கருத்து. இதுதான் நாங்கள் விரும்பும் நாடு என்று ஒருவர். இனம் பார்க்காத மனிதன் என்று ஒருவர். நீந்தத் தெரியாத பொம்பிளைகள் ஏன் ஆற்றுக்குப் போகிறார்கள் என்று பலர். நாட்டின் ஒற்றுமையும் பி.யின் கணக்கில் போய்விட்டது.

கடைக்காரர் பாராட்டி முடியும்வரை காத்திருந்தேன். இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று. பி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, எல்லாரும் செய்வதுதானே என்று சிங்களத்தில் அடக்கமாகச் சொன்னார். அடக்கமாக.

வானில் ஏறியதும் கேட்டேன். அந்த மனிசனிடம் வழிநெடுகக் கதை சொல்லிக்கொண்டிருக்க முடியுமா என்றார். சுகன்யா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வரக்காப்பொலையிலிருந்து கொழும்புவரை யன்னல் பார்க்க அப்படி என்ன இருக்கிறது.

வீட்டில் அம்மா மாதாவின் படத்துக்கு மெழுகுதிரி கொளுத்தி வைத்திருந்தார். ஆருக்கு? பி.க்கு. நடந்ததை முழுக்கச் சொன்னேன். தன்னைப் பயப்படுத்தாமல் இருக்கத்தான் நான் மாற்றிச் சொல்கிறேனாம். “வீடியோல பாத்தேனே மகள்,” என்றார்.

ஆகஸ்ட் 11, திங்கள்.

ஒபிஸ். கப்பல் ஏஜன்சி என்றால் கடலைப் பற்றி எல்லாருக்கும் அபிப்பிராயம் இருக்கும். லிஃப்டில் ஒருவர் என் தோளைத் தட்டிக் கடவுள் காப்பாற்றினார் என்றார். மத்தியானம் மனேஜர் எல்லாருக்கும் ஒரு மின்னஞ்சல்: விடுமுறைப் பயணங்களில் நீர்நிலைகளில் அவதானம், நீந்தத் தெரியாதவர்கள் முழங்காலுக்கு மேல் இறங்கவேண்டாம். என் பெயர் இல்லை. தேவையும் இல்லை.

மனேஜரிடம் போய்ச் சொன்னேன். மிகுந்த அன்போடு தலையாட்டினார். இப்படியான அதிர்ச்சிக்குப் பிறகு நினைவுகள் குழம்புவது சகஜம் என்றார். இரண்டு நாள் லீவு வேண்டுமா என்றும் கேட்டார்.

பல்லைக் கடித்ததில் தாடை நோ. வரும் வழியில் மீன் வைத்த மாலுபாண் இரண்டு. இரண்டும் நானே.

ஆகஸ்ட் 12, செவ்வாய்.

வீடியோவைப் போட்ட முகநூல் பக்கத்துக்கு ரிஸ்வானா எழுதியிருக்கிறாள். நடந்தது எல்லாவற்றையும், தன் பெயரோடு. பொறாமை பிடித்தவள் என்று திட்டி நிறையப் பேர். படத்தில் அவள் போட்டிருந்த முக்காட்டையும் இழுத்துப் பேசி இரண்டு பேர். எடுத்த எடுப்பில் எங்கே போய்விட்டது அந்த இனம் பார்க்காத நாடு.

நானும் எழுதினேன். பதில் வந்தது: மிக்க மகிழ்ச்சி சகோதரி, நீங்கள் நீச்சலுடையில் இருக்கும் படம் ஏதும் அனுப்பமுடியுமா.

போனை மேசையில் குப்புறப் போட்டேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் சுகன்யாவுக்குப் போன் எடுத்தேன். பி. வேலைசெய்யும் வங்கியில் பாராட்டு விழா வைக்கப்போகிறார்களாம். கேடயமாம். தலைமையலுவலகத்திலிருந்து ஆள் வருகிறாராம். பிறகு சொன்னாள்:

“மெர்லின், கொஞ்ச நாளைக்கு விடு. அவரும் சொல்லத்தான் இருக்கிறார்.”

எப்போது என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது. அல்லது கட் பண்ணிவிட்டாள்.

கோபம் பி.யில் அல்ல இப்போது. பி. எனக்கு யார். இவள் என்னோடு ஒரே சாப்பாட்டுப் பெட்டியில் சாப்பிட்டவள். எனக்கு அம்மை போட்டபோது யன்னலுக்கு வெளியே நின்று பாடம் சொன்னவள். அவள் கரையில் நின்றாள். பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி.

மாதாவின் விண்ணேற்பு. கோயிலில் சனம். மன்றாட்டில் வாசித்தார்கள்: நீரில் மூழ்கி அற்புதமாக மீட்கப்பட்ட நமது பங்கு மகள் மெர்லினுக்காகவும், அவரை மீட்ட சகோதரருக்காகவும். அம்மா எழுதிக் கொடுத்த துண்டு. முன் வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் மூழ்கவில்லை என்று எழுந்து நின்று கத்தவேண்டும்போல இருந்தது. ‘எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’ என்று எல்லாரோடும் சேர்ந்து சொன்னேன்.

அதற்கு மேலே ஒன்று. ஞாயிறு மத்தியானம் பி.யையும் சுகன்யாவையும் சாப்பாட்டுக்கு வரச்சொல்லிவிட்டார் அம்மா. நன்றிக்கு. என்னைக் கேட்கவில்லை. ரிஸ்வானாவையும் வரச்சொன்னேன். எனக்கு ஒரு ஆள் வேண்டும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு.

சமையல்: மஞ்சள் சோறு, கோழிக்கறி (ரிஸ்வானாவுக்காக ஹலால் கடையில் வாங்கியது), கத்தரிக்காய் மோஜு, பருப்பு, அப்பளம், வட்டிலப்பம். கோழிக்கறி நன்றாக வந்தது என்பதையும் எழுதவேண்டும். கோபத்திலும் நாக்கு நாக்குத்தான்.

பி. புதுச் சேட். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சாப்பிடும்போது எப்படி நடந்தது என்று கேட்டார். நான் பி.யின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரிஸ்வானா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள், பொறு என்று.

பி. சொல்லத் தொடங்கினார். கூச்சம் இல்லை, தயக்கம் இல்லை. தண்ணீர் எப்படிச் சுழித்தது, ஒரு கையில் அவன், மறு கையில் நான், கால் எப்படிப் பாறையில் தடவியது. எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் வந்தது. மனிதர் நம்புகிறார். ஒரு கிழமைக்குள் அவர் தண்ணீருக்குள் போய் வந்துவிட்டார்.

நான் வாயைத் திறக்க முன்பே சுகன்யா கையில் எடுத்த சோற்றைத் திரும்பக் கோப்பையில் வைத்தாள்.

“தண்ணிக்குள்ள போனது மெர்லின். நீங்கள் கரையில நிண்டனீங்கள். நான் உங்களுக்குப் பக்கத்தில நிண்டனான்.”

அம்மா அகப்பையைச் சட்டிக்குள் விட்டார்.

பி. சிரிக்கப் பார்த்தார். “நான் போனனான் எண்டு எங்கயாவது சொன்னனானே? அவையள் எழுதினதுக்கு நான் என்ன செய்யிறது?”

“இப்ப சொன்னனீங்கள்,” என்றாள் சுகன்யா. “இந்த மேசையில.”

ரிஸ்வானா தன் பங்குக்கு மெதுவாகச் சொன்னாள்: “நானும் கண்ணால கண்ட.”

பி. எழுந்து கை கழுவினார். வட்டிலப்பம் வேண்டாம் என்றார். கீழே வானில் இருப்பதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். சுகன்யா போகவில்லை. இருந்து முழுச் சோற்றையும் சாப்பிட்டாள்.

அம்மா? அம்மா என்னைக் கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேன். எழுந்து வந்து முதுகில் ஒரு அடி. நல்ல அடி. “ஊரான் ஒருத்தனுக்காக நீ போய் குதிச்சியா? உனக்கு ஏதும் ஆனா நான் என்ன செய்வேன்?” பிறகு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பொய்க்கு மெழுகுதிரி, உண்மைக்கு அடி. இந்த வீட்டில் எனக்கு வாய்த்தது இவ்வளவுதான்.

பாத்திரம் கழுவும்போது சுகன்யா சொன்னாள். வீடியோ வந்த ஞாயிறு இரவே அவரிடம் கேட்டாளாம். நாளைக்குச் சொல்கிறேன் என்றாராம். ஒவ்வொரு நாளும் நாளைக்கு. அவர் வீட்டில் ஒருவரும் அவரை அப்படிப் புகழ்ந்ததில்லையாம், அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்ததாம். என்னைப் பார்த்தால் பாவமாக இல்லையா என்று கேட்டேன். கோப்பையை விட்டுவிட்டு ஈரக் கையால் என் கையைப் பிடித்தாள். இழுத்துக்கொண்டேன். கொஞ்சம் கழித்து நானே அவளிடம் துடைக்கிற துணியைக் கொடுத்தேன்.

முழுக்க ஆறவில்லை. அவளுக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்.

மழை. மருதானையில் வாகன நெரிசல்.

அந்தப் பக்கத்தில் திருத்தம் வந்திருக்கிறது. சுகன்யா மனைவி என்று சொல்லி எழுதியதால்தான் நம்பினார்களாம். நான் சொன்னால் நம்பவில்லை, ரிஸ்வானா சொன்னால் நம்பவில்லை. மனைவி சொன்னால் சரி. மூன்று வரி. படம் இன்னும் பி.யின் படம்தான்.

வங்கி விழாவைத் தள்ளிப்போட்டதாம். பி.யிடமிருந்து ஒரே ஒரு செய்தி: தவறாக விளங்கிக்கொள்ள வேண்டாம். எதை?

மனேஜர் கொரிடோரில் என்னைக் கண்டதும் போனைக் காதில் வைத்துக்கொண்டார். போன் அடிக்கவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்.

ஒபிஸ் முடிந்து கோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது புது நம்பர். சந்துனி. ரிஸ்வானாவிடம் என் நம்பரை வாங்கியிருக்கிறாள். சிங்களத்தில்தான் பேசினோம்.

முதலில் நன்றி. பிறகு சுகம் விசாரிப்பு. பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தாள். திருத்தம் வந்த நாளிலிருந்து நுவன் வேலைக்குப் போகவில்லையாம். தொழிற்சாலையில் சிரிக்கிறார்களாம், பொம்பிளை தூக்கிக்கொண்டு வந்தவன் என்று. முதலில் இருந்த மாதிரியே, அந்த ஐயா காப்பாற்றியதாகவே இருந்துவிட்டால் என்ன என்று கேட்டாள். தனக்கு உண்மை தெரியுமாம், சாகும்வரை மறக்கமாட்டாளாம். ஆனால் அக்கா மனது வைத்தால்.

பஸ் நிலையத்தில் அத்தனை சனத்துக்கு நடுவில் எனக்குக் காது அடைத்துவிட்டது. இந்த ஒரு பக்கத்திலிருந்து வருமென்று நான் நினைக்கவில்லை. அவள்மேல் கத்தவும் முடியவில்லை. அவள் குரல் அப்படி.

இல்லை என்றேன். முடியாது தங்கச்சி. என்னால் முடியாது.

அன்றைக்கு நுவனோடு வேலைசெய்யும் ஆண்கள் எத்தனை பேர் கரையில் நின்றார்கள் என்று கேட்டேன். நிறையப் பேர் என்றாள். தண்ணீருக்குள் இறங்கியது எத்தனை பேர்?

“போனைப் பிடிச்சுக்கொண்டு நின்டாங்க, அக்கே,” என்றாள்.

அப்படியென்றால் சிரிக்கிறவர்களிடம் அதைக் கேட்கச் சொல் என்றேன். உரத்துக் கேட்கச் சொல். சாப்பாட்டு நேரத்தில், எல்லாரும் இருக்கும்போது. என் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மனிசி குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார்.

போனில் ஏதோ உரசல், முணுமுணுப்பு. ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள்போல. பிறகு ஆண்குரல், நுவன்தான்.

“நாளைக்கு வேலைக்குப் போறேன், அக்கே.”

போ என்றேன். பஸ் வந்துவிட்டது. நிற்கக்கூட இடமில்லை.